ருஸ்தம் பாஷா பள்ளிவாசல் கடைகளுக்கு மேலே அமைந்தது ஏன்?

கேள்வி:
இஸ்தான்புல்லில் மசாலாச் சந்தைக்கு அருகிலுள்ள ருஸ்தம் பாஷா பள்ளிவாசலைத் தெருவிலிருந்து பார்த்தால் கடைகளே கண்ணில் படுகின்றன. குறுகிய படிக்கட்டில் ஏறிய பிறகுதான் முற்றம் வருகிறது. சுலைமானியா பள்ளிவாசலைக் குன்றின்மேல் அத்தனை விசாலமாக எழுப்பிய உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினான், இதை மட்டும் சந்தை நெரிசலுக்குள் கட்டியது ஏன்? இதன் சுவர் ஓடுகள் புகழ்பெற்றதற்கான காரணத்தையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:
பள்ளிவாசல் அமைந்துள்ள தஹ்தகலே அன்றும் வணிகர்களின் பகுதி. பள்ளமான, நெருக்கமான இடம். தரைமட்டத்தில் கட்டியிருந்தால் சுற்றியுள்ள கட்டடங்கள் இதை முழுவதுமாக மறைத்திருக்கும். எனவே சினான் கீழே வளைகூரைக் கடைகளை அமைத்து, அவற்றின் மேல்தளத்தையே பள்ளிவாசலுக்கு மேடையாக்கினார். கடை வாடகை, பள்ளிவாசலைப் பராமரிக்கும் அறக்கட்டளையான வக்ஃபுக்கு வருமானமாயிற்று. சுல்தான் சுலைமானின் மருமகனும் தலைமை அமைச்சருமான ருஸ்தம் பாஷா கணக்கில் கெட்டிக்காரர். பெரும் செல்வம் சேர்த்தவர், லஞ்சப் புகாருக்கும் ஆளானவர். அவர் பெயரால் எழுந்த பள்ளிவாசல் தன் செலவைத் தானே ஈட்டிக்கொண்டதில் வியப்பில்லை. அவர் 1561இல் காலமானார். கட்டடப் பணி அதையொட்டிய ஆண்டுகளில் நடந்தது.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. ஆனால், இடநெருக்கடியை மட்டும் பேசினால் சினானின் பரிசோதனை விடுபட்டுவிடும். இங்கே குவிமாடத்தை எட்டுத் தாங்கிகள் சுமக்கின்றன: பக்கத்திற்கு இரண்டாக நான்கு எண்கோணத் தூண்கள் தனித்து நிற்க, மற்ற நான்கும் கிப்லாச் சுவரோடும் (தொழுகையின்போது நோக்கும் மக்காத் திசைச் சுவர்) அதற்கு எதிர்ச்சுவரோடும் இணைந்துள்ளன. மூலைகளில் நான்கு அரைக்குவிமாடங்கள் உள்ளன. இதே எண்கோணச் சிந்தனைதான் பின்னர் எதிர்னே நகரின் செலிமியா பள்ளிவாசலில், 31 மீட்டருக்கும் அதிகமான விட்டமுள்ள குவிமாடமாக விரிந்தது.

மறுமொழி 3:
ஓடுகளைப் பற்றி: சுவர், தூண், மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்) என உட்புறமெங்கும் இஸ்னிக் நகரத்து ஓடுகளை இவ்வளவு தாராளமாகப் பதித்த வேறு பள்ளிவாசலைச் சினானின் படைப்புகளில் காண்பது அரிது. டியூலிப் மலரின் எத்தனையோ வடிவங்கள் இங்குண்டு. இரும்புச்சத்து மிகுந்த களிமண்ணிலிருந்து பெற்ற தக்காளிச் சிவப்பு அப்போது புதிது. அதைத் தடிமனாகப் பூசியதால், மெருகின் அடியில் சற்றே புடைத்துத் தெரியும். பழைய பாணியை ஒப்பிட விரும்பினால், உள்ளே நுழையுமுன் முன்மண்டபத்தில் வாயிலுக்கு இடப்புறமுள்ள பெரிய ஓட்டுப் பதிப்பைப் பாருங்கள். முந்தைய காலத்து ஊதாவும் மங்கிய பச்சையும் அதில்தான் தெளிவாக உள்ளன. பலரும் அதைக் கவனியாமலே உள்ளே போய்விடுகிறார்கள்.