மாங்காய் முடிந்த பிறகு மலைக்கு: எந்த மாதம் எந்த மலை?

காவேரிப்பட்டணம் தோப்புக்காரர்:

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற வீட்டுக்கு மே மாத விடுமுறை கிடையாது. பெங்களூரா ரக மாங்காய் கூழ் ஆலைக்குப் போய்ச் சேர ஜூலை ஆகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் சுற்றுலா என்றால் ஆடியில்தான். ஆடியில் எந்த மலைக்குப் போவது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பயணம் பிடித்தது.

முதலில் போனது வால்பாறை. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது, மூன்று நாளும் விடவில்லை. துவைத்த துணி காயவில்லை, போர்வையே ஈரமாக இருந்தது. பக்கத்தில் இருக்கிற சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியாது. தேயிலைத் தோட்டத்து ஓரம் நடந்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தபோது சின்னவள் கணுக்காலில் அட்டை. சாக்ஸுக்குள் நூல் மாதிரி போனது, விரல் கனத்துக்கு ஊதியிருந்தது. கடைக்கார அம்மா ஒரு சிட்டிகை கல்லுப்பை அதன் மேல் வைத்துக்கொண்டே, "ஆடியில எங்க ஊருக்கு யாருங்க குழந்தைகளோட வருவாங்க? கேரளா மழை நேரா இங்கதான் எறங்கும். கோத்தகிரிக்குப் போயிருக்கலாமே, அங்க ஐப்பசியிலதான் மழை" என்றார். அட்டை சுருண்டு விழுந்தது. அந்த அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை.

அடுத்த ஆடியில் இ-பாஸ் எடுத்துக்கொண்டு கோத்தகிரி போனோம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம், கிளம்புவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். மேகம் இருந்தது, அவ்வப்போது தூறல், அவ்வளவுதான். அதே வாரம் அதே மாவட்டத்தில் கூடலூர்ப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. தென்மேற்கு மழை மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது, கோத்தகிரி கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. கோடநாடு காட்சிமுனையில் நின்றபோது மாயாற்றுப் பள்ளத்தாக்கு முழுதும் வெயிலில் கிடந்தது. அப்பா பேசாமல் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் எந்த மாதத்தில் எங்கே போனீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

தருமபுரி வாத்தியார்:

எங்களுக்கு மே மாதம் மட்டும்தான் லீவு. கிட்டத்தில் இருக்கிறதே என்று ஒரு மே மாதம் ஏலகிரி போனோம். காலையும் இரவும் நன்றாக இருந்தது. மத்தியானம் அறைக்குள் இருக்க முடியவில்லை. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஏலகிரி 1,100 மீட்டர் சொச்சம், கிருஷ்ணகிரியே 500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஆக நமக்குக் கிடைப்பது நாலு டிகிரிதான். கோடைக்கு ஊட்டி மாதிரி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊராகப் பாருங்கள். ஏலகிரிக்குத் தை மாதம் போங்கள், நாள் முழுக்க நடக்கலாம்.

ஊத்தங்கரை அக்கா:

கார்த்திகை பற்றி நான் சொல்கிறேன். 2024 டிசம்பர் முதல் வாரத்துக்கு ஏற்காட்டில் ரூம் போட்டிருந்தோம். ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்தது. ரூம்காரர் முன்பணத்தில் பாதிதான் திருப்பித் தந்தார். அது போகட்டும், ஒரு நாள் முன்னால் கிளம்பியிருந்தால் பிள்ளைகளோடு மேலே மாட்டியிருப்போம். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே இருக்கிற எந்த மலைக்கும் முன்பணம் கட்டி வைக்காதீர்கள். வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிற மாதிரி இருந்தால் போங்கள்.

ஓசூரிலிருந்து:

ஏற்காட்டுக்கு என் கணக்கில் ஒரே பருவம்தான், காபி பூக்கிற நாட்கள். பங்குனி, சித்திரையில் கோடை மழை ஒன்று விழ வேண்டும். விழுந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகிவிடும். கிளையில் இலைக்கு இலை கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, மல்லிகை வாசனையோடு. இரண்டு மூன்று நாளில் பழுப்பேறி உதிர்ந்துவிடும். நான்கு வருடம் தவறவிட்டு ஐந்தாவது வருடம்தான் பார்த்தேன். தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் போன் செய்து, "சார், நேத்து நல்ல மழை, அடுத்த வாரம் வந்துடுங்க" என்று சொன்னதால் கிடைத்தது.

காவேரிப்பட்டணம் தோப்புக்காரர்:

ஓசூர் சார், அடுத்த முறை அவர் போன் செய்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பங்குனியில் தோப்பில் காய் பிஞ்சாகத்தான் இருக்கும், ஒரு நாள் வந்துவிட முடியும். அப்பாவையும் அழைத்து வருகிறேன்.