‘ஹேண்ட்-வோவன்’: அழுத்தம் எந்தப் பாதியில் விழும்?

கோரைக்கரை:
எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பேச்சுப் போட்டிக்காகப் பத்தமடைப் பாயைப் பற்றி ஆங்கிலத்தில் பேசப் பழகி வருகிறாள். ‘ஹேண்ட்-வோவன்’ (கையால் நெய்த) என்ற சொல்லுக்கு அகராதியில் ‘வோ’வுக்கு முன்னால்தான் அழுத்தத்தைக் காட்டும் மேற்குறி இருக்கிறது; ஆனால் ‘ஹேண்ட்-வோவன் மேட்’ என்று கைப்பேசியில் கேட்டால் ‘ஹேண்ட்’தான் ஓங்கி ஒலிக்கிறது. எதைச் சொல்லிக் கொடுப்பது?

பாளை வாத்தியார்:
இரண்டுமே சரிதான், அம்மா. ‘தி மேட் இஸ் ஹேண்ட்-வோவன்’ என்று வாக்கியத்தின் இறுதியில் வரும்போது அகராதி காட்டியபடி ‘வோ’வில் அழுத்தம் விழும். பின்னால் ‘மேட்’ போன்ற பெயர்ச்சொல் வந்துவிட்டால் இரண்டு வலிய அழுத்தங்கள் நெருங்கிவிடும். ஆங்கிலத்தின் தாளத்துக்கு அது ஒவ்வாது என்பதால் அழுத்தம் முன்னே நகர்ந்து ‘ஹேண்ட்’டுக்குப் போகிறது. ‘தர்ட்டீன்’ என்று தனியே சொல்லும்போது ‘டீன்’ ஓங்குவதையும், ‘தர்ட்டீன் மேட்ஸ்’ என்னும்போது ‘தர்’ ஓங்குவதையும் கவனியுங்கள். அகராதியில் ‘ஹேண்ட்’டுக்கு முன்னால் கீழே ஒரு சிறு குறி இருக்கும், அது இரண்டாம் நிலை அழுத்தம். அக்குறி முன்பாதியில் இருந்தால்தான் இந்த நகர்வுக்கு இடமுண்டு.

மேலப்பாளையத்தான்:
அண்ணாச்சி சொல்வதை எல்லாச் சொற்களுக்கும் பொருத்திவிட வேண்டாம். ‘ஹோம்சிக்’, ‘வாட்டர்ப்ரூஃப்’ ஆகியவற்றில் எங்கு வந்தாலும் முதல் அசையே ஓங்கும். ‘வேர்ல்ட்-ஃபேமஸ்’ என்பதும் பெயர்ச்சொல்லும் பெயரடையும் சேர்ந்ததுதான். ஆயினும் தனியே நிற்கையில் அதன் அழுத்தம் ‘ஃபே’யில் இருக்கிறது. எனவே சொல்லின் அமைப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்தே ஆக வேண்டும்.

தாமிரபரணி:
தமிழில் அழுத்தத்தை மாற்றினால் பொருள் மாறுவதில்லை. எங்கே நிறுத்துகிறோம் என்பதே மாற்றுகிறது. ‘செம்பொன்பதின்தொடி’யைச் செம்பு ஒன்பது என்றும் செம்பொன் பத்து என்றும் பிரிப்பது பழைய இலக்கணப் பாடம். அந்தக் காது பழகிய பிள்ளையிடம் ‘அழுத்து’ என்றால் கத்தத்தான் செய்யும். ‘அந்த உயிரைச் சற்று நீட்டி, குரலை உயர்த்து’ என்று சொல்லிப் பாருங்கள். அசைகளையும் எண்ண வையுங்கள் (யாப்பின் நேர், நிரை அல்ல, உயிரொலிகளை எண்ணினால் போதும்). ‘ஓல்ட்-ஃபேஷன்ட்’ மூன்றே அசை. ‘ஃபேஷனெட்’ என்று நம்மவர் ஓர் உயிரைச் செருகுவதால் நான்காகிவிடுகிறது. ‘ஷார்ட்-சைட்டட்’ என்பதில் ‘சைட்’ டகரத்தில் முடிவதால் அந்த உயிர் முறையாகவே வருகிறது.

கோரைக்கரை:
நன்றி. அவள் உரை ‘வேர்ல்ட்-ஃபேமஸ்’ என்ற சொல்லோடுதான் முடிகிறது; பின்னால் பெயர்ச்சொல் இல்லை என்பதால் ‘ஃபே’யின் மேல் பென்சிலால் குறித்து வைத்துவிட்டேன்.