கடித நாவல்: மூவரும் ஒரே ஆள் மாதிரி எழுதுகிறார்கள்

மைக்கூடு:
மூன்று பேரின் கடிதங்களாகவே ஒரு நாவல் எழுதிவருகிறேன். மூவர் குரலும் ஒன்றுபோல இருக்கிறது. வாசகருக்கு முன்கதை சொல்லப்போனால் “உனக்குத்தான் தெரியுமே, அப்பா 1998இல் இறந்தார்” என்று அசட்டுத்தனமாக வருகிறது. என்ன செய்யலாம்?

ஒற்றைப்பனை:
முன்கதையைத் தகவலாகச் சொல்லாமல் குற்றச்சாட்டாக்குங்கள். “அப்பா காரியத்துக்குக்கூட நீ வரவில்லை.” இறப்பும் தெரிந்துவிட்டது, இருவருக்கும் நடுவிலுள்ள பிணக்கும் தெரிந்துவிட்டது. இல்லையென்றால் எதுவும் அறியாத ஒருவருக்கு எழுதவையுங்கள். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) நாவலில் வால்டன் கப்பலிலிருந்து இங்கிலாந்திலுள்ள சகோதரிக்கு எழுதுவது அதற்குத்தான்.

படித்துறை:
குரலை வட்டார வழக்கால் மட்டும் பிரித்தால் பத்துப் பக்கத்தில் சலித்துவிடும். யாருக்கு எழுதுகிறார், அவரிடம் எதை மறைக்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். லக்லோவின் ‘அபாயகரமான உறவுகள்’ (1782) இதற்கு நல்ல பாடம். 48ஆம் கடிதத்தில் நாயகன் வால்மோன், தான் மயக்கப் பார்க்கும் துர்வெல் அம்மையாருக்குக் காதலில் உருகி எழுதுகிறான். அதை எழுத அவனுக்கு மேசையாக இருந்தது படுக்கையிலிருந்த இன்னொரு பெண்ணின் உடம்பு! 47ஆம் கடிதத்திலேயே தன் கூட்டாளி மெர்த்தேய் சீமாட்டியிடம் அதைச் சொல்லிவிடுகிறான். அதனால் “இந்த மேசை” என்று வரும் இடத்தில் துர்வெலுக்கு ஒரு பொருள், நமக்கு வேறு பொருள். இரண்டு கடிதங்களையும் இடம்மாற்றி வைத்தால் முதல் வாசிப்பில் அந்த விஷமம் கிடைக்காது.

ஒரே சம்பவத்தை உங்கள் மூவரையும் எழுதவைத்து, யார் எதை விட்டுவிடுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் குரல் அங்கேதான் பிரியும். விளி, கையொப்பம், தேதி போடும் பழக்கம் எல்லாம் பிறகு.

தபால்வண்டி:
காலத்தையும் கவனியுங்கள். ரிச்சர்ட்சனின் ‘பமீலா’ (1740) சம்பவங்கள் நடக்க நடக்க அப்போதே எழுதுகிற பாணி. பதற்றம் கிடைக்கும், ஆனால் இவ்வளவு எழுத நேரமேது என்ற கேள்வியும் வரும். ஃபீல்டிங் ‘ஷமேலா’வில் (1741) அதைத்தான் கிண்டலடித்தார்: எஜமான் கதவருகே வரும்போதும் வேலைக்காரி ஷமேலா எழுதிக்கொண்டே இருக்கிறாள்!

ஓர் அட்டவணை போடுங்கள்: எழுதிய நாள், கைக்குக் கிடைத்த நாள், அன்று எழுதியவருக்கு என்னென்ன தெரியும். மூன்றாவது கட்டத்தில்தான் பிழை அதிகம் வரும். இன்னும் கிடைக்காத கடிதத்துக்குப் பாத்திரம் பதில் எழுதிவிடும்.

மைக்கூடு:
எழுதுபவரே இறந்துவிட்டால்?

தபால்வண்டி:
கதேயின் ‘வெர்தர்’ (1774) செய்ததுபோலக் கடைசியில் பதிப்பாசிரியர் ஒருவர் வந்து மற்றதைச் சொல்லலாம். அவர் குரல் வறண்டதாக இருக்கட்டும். அவரும் உருக ஆரம்பித்தால் உங்களுக்கு நான்காவதாகவும் அதே குரல்தான்.