டிப்டிக்: இருமடி ஓவியமா, இருபலகை ஓவியமா?

அன்புள்ள ஐயா, குழும நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கப் பழங்குடிகளுள் ஒன்றான செரோக்கி இனத்து ஓவியர் கே வாக்கிங்ஸ்டிக்கைப் பற்றித் தாங்கள் எழுதும் கட்டுரைக்காக, இரண்டு பலகைகளை அருகருகே சேர்த்து ஒரே படைப்பாக்கும் 'டிப்டிக்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை இருமடி ஓவியம், இரட்டை ஓவியம், இணையோவியம் என மூன்று பரிந்துரைகள் இந்த இழையில் வந்துள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

'இருமடி' கிரேக்க மூலத்துக்கு நேர்ப்பெயர்ப்பு. பண்டை ரோமர்கள் மெழுகு பூசிய இரண்டு எழுதுபலகைகளைக் கீலால் பிணைத்து மடித்து வைத்தார்கள். இடைக்காலத் தேவாலயப் படங்களிலும் அந்தக் கீல் தொடர்ந்தது. வாக்கிங்ஸ்டிக்கின் ஓவியங்களில் கீலும் இல்லை, மடிப்பும் இல்லை. தவிரவும், இருமடியாகுபெயரைப் பள்ளியில் படித்த தமிழருக்கு 'இருமடி' என்றால் மடிப்பு நினைவுக்கு வராது, மடங்குதான் வரும். 'இணையோவியம்' இன்னும் சிக்கலானது. இணைகோடுகள் என்றால் ஒருபோதும் சந்திக்காதவை. வாய்விட்டுச் சொல்லும்போதோ பாதிப்பேர் இணையத்தில் வெளியான ஓவியம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

'இரட்டை ஓவியம்' எளிமையானது. அதை மறுக்கத்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. 1980களில் வாக்கிங்ஸ்டிக் இந்த வடிவத்துக்கு வந்தபோது, ஒரு பாதியில் மெழுகு கலந்த அக்ரிலிக்கைக் கையாலேயே தடித்துப் பூசிய அருவ வடிவம் இருக்கும். மறு பாதியில் மலையோ நீரோ எண்ணெய் வண்ணத்தில் இருக்கும். தந்தை செரோக்கி, தாய் ஐரோப்பிய வழியினர் என்பதால் இரண்டு பாதிகளை அவருடைய இரண்டு மரபுகளாகப் படிப்பவர்கள் உண்டு. அந்தக் காலத்துப் படங்களுக்கு மட்டும் பெயர் தேடினால் 'இரட்டை' பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தங்கள் கட்டுரையின் மையமாக இருப்பது 2007இல் அவர் வரைந்த, 'ஸ்மோக்கி மலைகளுக்கு விடை' என்று நாம் சொல்லக்கூடிய ஓவியம். அதில் இரண்டு பலகைகளிலும் விரிவது ஒரே மலைத்தொடர். அதன் அடிவிளிம்பில், மலையின் பேருருவுக்கு முன் எறும்புச் சாரை போல, சிறு உருவங்களாக, விரட்டப்பட்ட செரோக்கி மக்கள் நடந்து போகிறார்கள். 1830இல் அமெரிக்காவில் நிறைவேறிய பழங்குடியினர் வெளியேற்றச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 1838-39இல் ஏறத்தாழ 16,000 செரோக்கிகள் இந்த மலைகளை உள்ளடக்கிய சொந்த மண்ணிலிருந்து இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டதும், அவர்களில் சுமார் 4,000 பேர் மாண்டதாகக் கணிக்கப்படுவதும் தாங்கள் அறிந்ததே. (ஆங்கிலத்தில் 'Trail of Tears' எனப்படும் அந்தப் பயணத்துக்குக் 'கண்ணீர்ப் பாதை'யைவிடக் 'கண்ணீர்த் தடம்' பொருத்தம் என்பேன், பாதை போட்டு வைப்பது, தடம் நடந்தவர் விட்டுப்போவது.) இந்தப் படத்தை 'இரட்டை ஓவியம்' என்றால் இரண்டு தனிப் படங்கள் என்றாகிவிடும். உண்மையில் இருப்பது ஒரே நிலம். அதன் நடுவே செங்குத்தாக ஒரு வெட்டு.

ஆகவே பொருளுக்குள் போகாமல், கண்ணால் காணும் அமைப்பை மட்டும் சொல்லும் சொல் வேண்டும். 'இருபலகை ஓவியம்' என்பது என் பரிந்துரை. 1980களின் படங்களுக்கும் இது பொருந்தும், 2007இன் படத்துக்கும் பொருந்தும். அவருடைய பிற்காலப் படங்கள், நிலக்காட்சியின் மேல் அந்நிலத்துக்குரிய பழங்குடியினரின் கூடை, தோற்பை முதலியவற்றின் கோலவடிவங்களைப் பதிப்பவை, அவற்றுக்கும் பொருந்தும். மூன்று பலகைகள் கொண்டதை முப்பலகை ஓவியம் என்றும், பல கொண்டதைப் பல்பலகை ஓவியம் என்றும் நீட்டிக்கொள்ளலாம். ரோமரின் மெழுகுப்பலகையும் இந்தச் சொல்லுக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

துணியில் தீட்டிய படத்தைப் பலகை என்பது தகுமா என்று நேற்று ஓர் அன்பர் வேறொரு சொல்லைப் பற்றிய மடலில் கேட்டிருந்தார். 'விசைப்பலகை'யில் மரம் ஏது? தமிழில் 'பலகை' மரத்தை விட்டு வெளியே வந்து நெடுநாளாயிற்று.

ஒரு நடைமுறைச் சங்கடம் மட்டும் உண்டு. படக்குறிப்பில் "மரப்பலகையில் எண்ணெய் வண்ணம், இருபலகை ஓவியம்" என்று எழுதினால் பலகை இருமுறை வந்து இடறுகிறது. "மரத்தில் எண்ணெய் வண்ணம், இருபலகை" என்று சுருக்கினால் சரியாகிவிடும்.

இரண்டு பலகைகளும் சேரும் அந்தக் கோட்டுக்கும் கட்டுரையில் பெயர் தேவைப்படும், ஏனெனில் பார்ப்பவர் கண் திரும்பத் திரும்ப அங்கேதான் போய் நிற்கிறது. 'இணைப்புக்கோடு' என்றால் வெட்டு மறைந்துவிடுகிறது; 'பிளவு' என்றால் சேர்க்கை மறைந்துவிடுகிறது. 'பொருத்து' என்று தச்சர்கள் சொல்வதை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். மரவேலை அறிந்தவர்கள் இக்குழுமத்தில் இருந்தால் சொல்லுங்கள்.