பாலிமர் வேதியியலிலிருந்து எலும்புக்கு: ஐந்தாண்டு ஆய்வுத் திட்டம் எப்படி எழுதுவது?

ஜெல்_ஆய்வாளர்:
வணக்கம். எம்.எஸ்சி., பிஎச்.டி. இரண்டுமே பாலிமர் வேதியியல். இப்போது போஸ்ட்டாக் முதல் வருடம். ஜெலட்டினில் மெத்தாக்ரிலேட் சேர்த்து 405 நானோமீட்டர் ஒளியில் இறுக வைக்கும், நீர் நிறைந்த ஹைட்ரோஜெல்தான் என் வேலை. அதற்குள் எலும்பு செல்களை வளர்க்கிறோம். எலும்பில் ஒரு துண்டே போய்விட்டால் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்கிறார்கள். அந்த இரண்டாவது காயம் வேண்டியதில்லை என்று ஆக்கத்தான் இந்தத் துறைக்கு வந்தேன். ஆனால் ஆசிரியர் பணிக்கான திட்டத்தை எழுத உட்கார்ந்தால் "மேம்பட்ட ஜெல் உருவாக்கம்" என்பதைத் தாண்டிப் பேனா நகரவில்லை. போன வாரம் உயிருள்ள செல் பச்சையாகவும் செத்தது சிவப்பாகவும் தெரியும் சாயம் போட்டுப் பார்த்தேன். ஜெல்லின் ஓரமெல்லாம் பச்சை, நட்ட நடுவில் சிவப்புத் திட்டு. வேதியியலாளராகவே எழுதவா, செல் உயிரியல் பக்கம் போகவா?

செல்_அறை:
அந்தச் சிவப்புத் திட்டைச் சுற்றியே திட்டத்தை எழுதுங்கள். உடம்பில் பெரும்பாலான செல்கள் நுண்குழாயிலிருந்து 100–200 மைக்ரானுக்குள்தான் இருக்கும். அதைத் தாண்டி ஆக்சிஜன் போதுமான அளவு போய்ச் சேராது. ஆக, இரத்த நாளம் உள்ளே வளர வழிவிடும் ஜெல் என்பதே உங்கள் கேள்வி. பாலிமர் சங்கிலிகளைக் கோக்கும் குறுக்குப் பிணைப்பின் அடர்த்தி, செல்லின் நொதி அறுத்துக்கொண்டு போகக்கூடிய பிணைப்பு எல்லாம் உங்கள் வேதியியல்தானே? இன்னொன்று: கெட்டி எலும்பின் யங் குணகம் (விறைப்பின் அளவு) 10–20 கிகாபாஸ்கல் அளவில் இருக்கும், இத்தகைய ஜெல்லுக்குப் பொதுவாகக் கிலோபாஸ்கல் கணக்குதான். தொடை எலும்பு என்று எழுதாதீர்கள். மண்டையோட்டுக் குறை, பல் எடுத்த குழி போல அதிகப் பாரம் ஏறாத இடமாகச் சொல்லுங்கள். செல் வளர்ப்பை மட்டும் உங்கள் கையாலேயே கற்றுக்கொள்ளுங்கள், செல் வளர்ப்பில் தெரியாமல் புகுந்துவிடும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான சோதனை உட்பட.

பீங்கான்_பழையவர்:
உயிரியலாளராக மாறத் தேவையில்லை தம்பி. லாரி ஹென்ச் பீங்கான் பொறியாளர். 1967இல் பேருந்தில் உடன் வந்த ராணுவ அதிகாரி, போரில் கை கால் இழந்தவர்களைப் பற்றிச் சொல்லி, உடல் ஒதுக்காத பொருள் ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். 1969இல் எலும்போடு பிணையும் கண்ணாடியான பயோகிளாஸ் வந்தது. கண்ணாடியின் கலவையை முடிவு செய்தது ஹென்ச். எலித் தொடையெலும்பில் வைத்துப் பார்த்தது ஓர் அறுவை மருத்துவர். உங்களுக்கும் அப்படியொரு மருத்துவர் வேண்டும், அதுவும் திட்டம் எழுதுவதற்கு முன்பே.

தரச்_சோதனை:
ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது. எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) அளந்தீர்களா? அது இருந்தால் நோயெதிர்ப்பு செல்கள் விழித்துக்கொள்ளும். அந்த விளைவுக்குப் பழி உங்கள் பாலிமர் மேல் விழும். கிருமிநீக்கத்தையும் முதல் வருடத்திலேயே போடுங்கள். ஆட்டோகிளேவ் நீராவியின் சூட்டில் ஜெலட்டின் சிதையும், காமா கதிரில் சங்கிலி அறுபடலாம். மருத்துவப் பொருள் உடலுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 10993 சோதனைகள் அதற்குப் பிறகுதான்.

ஜெல்_ஆய்வாளர்:
மூவருக்கும் நன்றி. பல் எடுத்த குழியையே எடுத்துக்கொள்கிறேன். தலைப்பிலிருந்து "மேம்பட்ட" போய்விட்டது. எண்டோடாக்சின் இதுவரை அளக்கவில்லை, இந்த வாரமே மாதிரி அனுப்புகிறேன். பீங்கான் ஐயா, பல் அறுவை மருத்துவரை முதல்முறை பார்க்கப் போகும்போது எதைக் கொண்டுபோய்க் காட்டுவது?

பீங்கான்_பழையவர்:
ஜெல்லையே கொண்டுபோங்கள். ஈரமான குழியில் அது நிற்குமா, எத்தனை நிமிடத்தில் இறுக வேண்டும் என்று கையில் எடுத்த உடனே அவர் கேட்பார்.