காவல் தூதர் இருந்தும் விபத்து ஏன்? பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். என் மகன் புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்புக்குப் போகிறான். ஒவ்வொருவருக்கும் கடவுள் காவலாகத் தந்த ஒரு வானதூதர், அதாவது காவல் தூதர் உண்டு, அவருக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுங்கள் என்று அங்கே சொன்னார்களாம். போன மாதம் அவனோடு விளையாடுகிற பையன் லாரி மோதி இறந்துவிட்டான். இப்போது ராத்திரி ஜெபம் சொல்லும்போதெல்லாம் "அவனோட தூதர் அப்போ எங்கம்மா போனார்?" என்று கேட்கிறான். பக்கத்து வீட்டு அக்கா வேறு "அவனே சம்மனசாகிட்டான்" (வானதூதராகிவிட்டான்) என்று சொல்ல, இன்னும் குழம்பிவிட்டான். என்ன சொல்வது?

பதில் 1:
சகோதரி, படிக்கவே மனசு கனக்கிறது. விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சிறையில் இருந்த பேதுருவைத் தூதர் வந்து வெளியே கூட்டிப்போகிறார், ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் ஏரோது அரசன் இயேசுவின் இன்னொரு சீடரான யாக்கோபை வாளால் கொன்றுவிட்டான், அவரைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. அதற்காகக் கடவுள் யாக்கோபைக் கைவிட்டார் என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. ஒலிவ மலையில் இயேசுவுக்கே ஒரு தூதர் தோன்றி வலுவூட்டினார் என்கிறது லூக்கா 22:43. சிலுவையை அவர் அகற்றவில்லை. காவல் தூதர் நம்மை முழுவதுமாக விட்டு விலகுவதே இல்லை, ஆனால் சில துன்பங்களைத் தடுக்காமலும் இருப்பார் என்று திருச்சபையின் பெரிய இறையியலாளரான புனித தோமா அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பையனின் தூதர் எங்கேயும் போகவில்லை, கடைசிவரை அவனோடுதான் இருந்தார் என்று மகனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பதில் 2:
இதோடு ஒன்று. "தூதர்கள் உன்னைக் கைகளில் தாங்குவார்கள்" என்கிற 91ஆம் திருப்பாடலைச் சொல்லித்தான் சாத்தான் இயேசுவைக் கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னான், அவர் மறுத்துவிட்டார். தூதர் இருந்தால் அடியே படாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது தப்பு. காவல் என்பது முதலில் நம் ஆன்மாவுக்கு.

பதில் 3:
நான் மறைக்கல்வி நடத்துகிறவள். பெயர் வைப்பது வேண்டாம். வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் 2001-இல் வெளியிட்ட பக்திமுயற்சிகளுக்கான வழிகாட்டியே அதை ஏற்கவில்லை. மிக்கேல், கபிரியேல், இரபேல் மூவரின் பெயர்தான் விவிலியத்தில் இருக்கிறது. "என் காவல் தூதரே" என்று கூப்பிட்டாலே போதும். அப்புறம், இறந்தவர்கள் தூதர்களாக மாறுவதில்லை. தூதர்கள் உடலில்லாத ஆவிகளாகவே படைக்கப்பட்டவர்கள், அந்தப் பையன் என்றைக்கும் மனிதன்தான், உயிர்த்தெழப்போகிறவன். அந்த அக்கா ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பார், அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அக்டோபர் 2 காவல் தூதர்கள் நினைவு நாள், முடிந்தால் அன்றைக்கு மகனைத் திருப்பலிக்குக் கூட்டிப்போய் அந்தப் பையனுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. யாக்கோபு கதையைச் சொன்னேன், கவனமாகக் கேட்டான். இப்போது அடுத்த கேள்வி: "அந்தத் தூதர் இனிமே வேற பிள்ளைகிட்ட போயிடுவாரா?"

பதில் 1:
அதற்கும் அக்குவினாஸிடம் பதில் உண்டு. இந்த உலகப் பயணம் முடிந்தவருக்குக் காவல் தேவையில்லை, ஆனால் விண்ணகத்தில் அந்தத் தூதர் அவரோடு சேர்ந்து ஆட்சி செய்வார் என்கிறார். வேறு பிள்ளைக்கு மாற்றிவிடுவார்கள் என்று திருச்சபை எங்கேயும் போதிப்பதில்லை. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருப்பார்கள் என்று சொல்லுங்கள்.