அம்மா முன்னால், நான் 31-ஆம் வரிசையில்

குடும்ப வாட்ஸ்அப் குழு: வெள்ளலூர் வீடு

நந்தினி: வந்து சேர்ந்தாச்சு. ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்கிறீர்கள், சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொச்சியில் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, வளைகுடாவில் விமானம் மாறி, ரோமில் மதியம் 1 மணிக்கு இறங்கினோம். அம்மா பிசினஸ் கிளாஸ். நான் 31-ஆம் வரிசை, நடு சீட்.

கார்த்தி அண்ணா: நீ ஏன் பின்னால்? ரெண்டு டிக்கெட் போட வேண்டியதுதானே

நந்தினி: போடலாம், பணம் அனுப்பு. நாலு வருடமாகக் கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயிண்டையெல்லாம் விமான டிக்கெட் வாங்குகிற மைல்ஸாக மாற்றியும் ஒரே ஒரு ஆளுக்கு, அதுவும் போகிற வழிக்கு மட்டும்தான் கிடைத்தது. இலவச டிக்கெட் என்றுதான் பேர். வரி, சர்சார்ஜ் என்று 24 ஆயிரம் கையை விட்டுப் போனது.

சித்தி: அக்கா நல்லாத் தூங்கினாயா? மெத்தை போட்டுத் தருவார்களாமே

அம்மா: தூக்கம் எங்கே வந்தது. சீட்டுக்குப் பக்கத்தில் ஏழெட்டு பொத்தான், முதுகு சாய்வதற்கு என்று நினைத்து ஒன்றை அமுக்கினேன், கால் மேலே வந்துவிட்டது, இறக்கத் தெரியாமல் பிரசவ வார்டில் கிடப்பது போல அப்படியே கிடந்தேன். அப்புறம் ஒரு பெண் வந்து சிரித்துக்கொண்டே சரிசெய்து மெத்தையும் விரித்துக் கொடுத்தாள். ஆனால் ஜன்னலில் பளீரென்று வெயில். பட்டப்பகலில் யார் படுப்பார்கள், நீயே சொல்லு. துணியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தே வந்தேன்.

கார்த்தி அண்ணா: நாலு வருடப் பாயிண்ட்!! 😂

அம்மா: சிரிக்காதே சாமி. கால் நீட்டி உட்கார முடிந்ததே, அது பெரிசு. போன தடவை சிங்கப்பூர் போய் இறங்கும்போது முட்டி எப்படி வீங்கியது என்று உனக்குத் தெரியாதா. சாப்பாட்டுக்கு வெள்ளைத் துணி விரித்து, பீங்கான் தட்டு வைத்து, உப்பும் மிளகும் சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பியில் வைத்தார்கள். ஒரு பன்னைத் துணியில் சுற்றி நந்தினிக்குக் கொடுக்கலாம் என்று எழுந்தேன், திரையை எந்தப் பக்கம் விலக்குவது என்றே தெரியவில்லை.

நந்தினி: நானே முன்னால் போய் வாங்கிக்கொண்டேன். எல்லோரும் பார்த்தார்கள்.

சித்தி: ஏர்போர்ட் லவுஞ்சில் என்ன சாப்பிட்டீர்கள்?

நந்தினி: அதை ஏன் கேட்கிறீர்கள். அம்மாவின் டிக்கெட்டுக்கு அம்மா மட்டும்தான் போகலாம், கூட ஆள் வரக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அம்மா தனியாகப் போக மாட்டேன் என்று விட்டார். கடைசியில் ரெண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப் பொடி இட்லி சாப்பிட்டோம். இன்னொன்று, முட்டிவலிக்காக வாங்கிய சக்கர நாற்காலி உதவி எந்த வகுப்புக்கும் இலவசம்தான், முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.

பெரிய மாமா: அம்மிணி, கொச்சியில் ஏறி ரோமில் இறங்கியிருக்கிறாய், அது யார் போன வழி என்று தெரியுமா? முசிறித் துறைமுகம் அங்கேதான் கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்தது. மிளகு மூட்டை அங்கே கப்பல் ஏறி, வடகிழக்குக் காற்றில் செங்கடல் போய், ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் நதியில் படகில் அலெக்சாண்டிரியா சேர்ந்து, அங்கிருந்து மறுபடி கடல் வழியாக ரோம். உனக்கு அரை நாள், அதற்கு மாதக்கணக்கில். கருமிளகு ஒரு ராத்தல் 4 தினாரியஸ் (ரோம வெள்ளிக் காசு) என்று அந்தக் கால ரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார், ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (அதுவும் ரோமக் காசுதான்) இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பலும் உண்டு.

கார்த்தி அண்ணா: மாமா கிளாஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டார்

பெரிய மாமா: ஏன்டா, நம்ம வெள்ளலூர் மண்ணுக்குள் கிடைத்த வெள்ளிக் காசெல்லாம் யாருடையது? ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை போட்டது. அந்த ஊருக்குத்தான் உங்கம்மா போயிருக்கிறாள்.

(மறுநாள் மாலை)

நந்தினி: விமானத்தில் காப்பாற்றிய முட்டியை ரோம் தெரு வாங்கிவிட்டது. பழைய ஊர் முழுக்கச் சின்னச் சின்னக் கருங்கல் பதித்திருக்கிறார்கள், ஒன்று மேலே ஒன்று கீழே. தள்ளுவண்டி நாற்காலி உருட்டினால் பல் ஆடுகிறது. அதனால் இன்று ரெண்டே இடம். பாந்தியன் என்ற பழைய ரோமக் கோயிலுக்குப் போனோம், மாமா, நல்ல மழை! கூரை நடுவில் கிட்டத்தட்ட 9 மீட்டர் அகலத்துக்கு ஓட்டை, மூடி கிடையாது, மழை நேராக உள்ளே விழுகிறது. தரை லேசாகச் சரிந்திருக்கிறது, கல்லில் சின்னத் துளைகள், தண்ணீர் அதில் இறங்கிவிடுகிறது. 1,900 வருடமாக இப்படித்தான். அம்மா கூரையைப் பார்க்கவே இல்லை, குனிந்து துளைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

அம்மா: நம்ம மாடியில் போன வருடம் போட்ட குழாயே அடைத்துக்கொள்கிறது. அதான் பார்த்தேன்.

அம்மா: தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது அண்ணா. வாயை விரலால் அடைத்தால் மேலே ஒரு ஓட்டை வழியாகப் பீச்சுகிறது, குனியாமல் குடிக்கலாம். என் முட்டிக்கு அதுதான் பிசினஸ் கிளாஸ்.

பெரிய மாமா: மிளகுக் கிடங்கு பார்த்தீர்களா? ஃபோரத்தில், அதாவது பழைய ரோமின் பொதுச் சதுக்கத்தில், இப்போது மாக்சென்டியஸ் மண்டபம் இருக்கிற இடத்தில். அந்தக் கிடங்கு டொமிஷியன் பேரரசர் கட்டியது.

நந்தினி: மண்டபத்தை வெளியே நின்று பார்த்தோம் மாமா. மூன்று பெரிய வளைவு நிற்கிறது. இதற்கு அடியில்தான் நம்ம பக்கத்து மிளகு இருந்தது என்றேன், அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

சித்தி: சாப்பாடு?

அம்மா: இந்த ஊர்ச் சாப்பாடே மிளகுதான். நூடுல்ஸ் மாதிரி ஒன்று, சீஸும் மிளகும் மட்டும், வேறு எதுவும் கிடையாது. மிளகை அரைகுறையாக நுணுக்கியிருக்கிறான், வறுக்க இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டேன்.

கார்த்தி அண்ணா: திரும்பி வரும்போது எப்படி?

நந்தினி: ரெண்டு பேரும் எகானமி. அதுதான் இரவு விமானம். படுக்கை வேண்டியது அந்த வழிக்கு, எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

கார்த்தி அண்ணா: 🤦

அம்மா: விடு கண்ணு. ஓர சீட்டுப் போட்டாயா, அது போதும்.

சித்தி: அக்கா, அந்தக் குட்டி மிளகுக் குப்பி?

அம்மா: பையில் இருக்கிறது. அந்தப் பெண்ணைக் கேட்டுத்தான் எடுத்தேன்.